பாதையும் சட்டமும்: வேவெஸ்ஸ முதல் உமா ஓயா வரை

2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் திகதி பண்டாரவளை நகரிற் கடைகள் மூடப்பட்டிருந்தன. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான மக்கள் நகரின் பிரதான வீதியில் திரண்டு, உமா ஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டத்தை நிறுத்துமாறு கோரினர். ஊவா மாகாணம் அண்மைக் காலத்திற் கண்ட பெருந்திரளான போராட்டங்களுள் அதுவும் ஒன்றாகும். அவர்களுடைய கிணறுகள் வற்றிப்போயிருந்தன. வீடுகளின் சுவர்கள் வெடித்திருந்தன. இவற்றுக்குக் காரணமெனக் கூறப்பட்ட சுரங்கவழியோ நிலத்தின் கீழே எவருடைய கண்ணுக்கும் படாது சென்றுகொண்டிருந்தது.

அம்மக்கள் எதற்காகப் போராடினர் என்பது பரவலாகப் பேசப்பட்டதொன்று. அவர்கள் எங்கே நின்று போராடினர் என்ற வினாவும் வரலாற்று மாணவர் கேட்கத்தக்கதேயாம். அணைக்கட்டு அமைந்த இடம் வேலியிடப்பட்டது. சுரங்கவாயிலுக்குள் அனுமதியின்றி எவரும் புக முடியாது. அயலிலுள்ள தேயிலை மலைகள் கம்பனிகளின் பொறுப்பிலுள்ளன. இவை யாவற்றையும் கழித்துப் பார்க்குமிடத்து எஞ்சுவது பெருந்தெரு ஒன்றே. அத்தெருவும் பொலிஸாரின் அனுமதிக்கும் நீதவானின் கட்டளைக்கும் உட்பட்டது. ஊவாவில் ஒரு மனிதன் சட்டத்தை மீறாது நின்று தன் குறையைச் சொல்லத்தக்க இடம் எது என்ற வினா 2017இற் புதிதாகத் தோன்றியதன்று. பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் அது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக எழுந்துகொண்டே வந்துள்ளது. அவ்வினாவின் வரலாற்றை அறியாது உமா ஓயாப் போராட்டத்தை முழுமையாக விளங்கிக்கொள்ளுதல் இயலாது.

1818ஆம் ஆண்டின் ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர், ஆங்கிலேயர் இம்மாகாணத்தில் முதலிற் கவனஞ் செலுத்தியவற்றுட் பாதையும் ஒன்று. பாதை இல்லாத நாட்டைப் படையினால் ஆள முடியாதென்பதை அக்கிளர்ச்சி அவர்களுக்கு உணர்த்தியிருந்தது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் றொஜர்ஸ் பாதைகள் பல அமைத்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவரெனப் பெயர்பெற்ற இவர், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். பாதை அமைத்ததை மறந்துவிட்ட ஊர் இடி விழுந்த கதையை மட்டும் மறக்கவில்லை. பாதைகள் நீண்டபோது நிலத்தின் உரிமையும் கைமாறிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத நிலமனைத்தும் முடிக்குரியதெனக் கொள்ள வழி வகுத்தது. கிராமத்தவர் ஆடுமாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் சேனை செய்தும் வந்த காடுகள், கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக விற்கப்பட்டன. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், வளர்ந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் பணஞ் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டுக் கலகத்துக்கான காரணங்களுள் இதுவும் ஒன்றென்பதை நாம் அறிவோம். கிராமத்தவர் உழைப்பால் அமைந்த பாதையிற் பெரும்பயன் பெற்றது தோட்டமே.

பின்வந்த தமிழ்த் தொழிலாளர் குடியமர்த்தப்பட்ட இடம் ஊரன்று. அது ஒருவருடைய தனியுடைமை. லயக்காம்பரா, அதன் முன்னுள்ள வாசல், பீலிக்கரை, பெரட்டுக் களம், கோயில், பிள்ளைக் காம்பரா, சுடுகாடு ஆகிய அனைத்தும் தோட்டத்துக்குச் சொந்தமானவை. சந்தைக்குப் போகும் பாதையும் தோட்டத்தின் பாதையே. பிறந்து, மணந்து, இறந்து, தன் நாள் முழுவதையும் பொதுவிடம் என ஒன்றிற் கால் வையாமலே ஒருவர் கழித்துவிடக்கூடிய நிலை அங்கு இருந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றவியல் அத்துமீறலை வரைவிலக்கணப்படுத்தியபோது, பிறருடைய ஆதனத்துட் புகுதலை மட்டுமன்றி, ஆட்சியிலுள்ளவரை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ கருதி அங்குத் தங்கியிருத்தலையும் குற்றமாக்கிற்று. ‘தொந்தரவு’ என்ற அச்சொல் தோட்டத்துரைக்குக் கிடைத்த வலிய ஆயுதமாயிற்று. தொழிலாளியைப் பார்க்க வந்த உறவினரும், கூட்டம் பேச வந்த சங்கத்தவரும், வேலையிலிருந்து நீக்கப்பட்ட பின்னும் காம்பராவை விட்டுப் போகாத தொழிலாளியும் இச்சொல்லின் வரம்புக்குள் அடக்கப்பட்டனர்.

கோ. நடேச ஐயர் 1920களிற் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குட் சென்று தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிந்தார் என்பது மலையக வரலாற்றில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் செய்தி. பலர் இதனை வீரச் செயலாகவே கூறிச் செல்வர். இதிற் சட்டவியல் உண்மையொன்றும் அடங்கியுள்ளது. துணிமூட்டையுடன் செல்லும் வியாபாரி தோட்டத்துக்குட் போகலாம், பத்திரிகையாளன் போகலாகாது. விற்பவனுக்குத் திறந்த கதவு கேட்பவனுக்கு அடைபட்டிருந்தது. நடேச ஐயர் 1931இற் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய பின்னரும் கூட்டங்கள் பெரும்பாலும் நகரத்திலோ தெருவோரத்திலோதான் நடைபெறவேண்டியிருந்தன. அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டஞ் சேர்த்ததற்கும் இதுவே பின்னணி. தெருவிற் பாடுவது அத்துமீறலன்று.

இந்நிலை 1940இல் உடைப்பெடுத்தது. 1939இன் பிற்பகுதி தொடக்கம் சங்கம் அமைக்கும் உரிமை கோரி மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். இலங்கைச் சமசமாசக் கட்சியினர் நடத்திய கிளர்ச்சியினால் அரசாங்கம் விசாரணை ஆணைக்குழுவொன்றை நியமிக்க நேர்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காக அதன்முன் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா ஆவார். வேலைநிறுத்த அலை அங்கிருந்து தெற்கே ஊவாவுக்குள் இறங்கிற்று. எட்மண்ட் சமரக்கொடி, வில்லி ஜயதிலக்க, வி. சிற்றம்பலம் முதலியோர் பதுளைப் பகுதியில் இயங்கினர். நாட்பட நீடித்த இவ்வேலைநிறுத்தங்களைக் கண்டு கலங்கிய தோட்டத்துரைமார், கூட்டங்களைத் தடைசெய்யும் கட்டளையொன்றைப் பதுளை நீதவானிடமிருந்து பெறச் செய்தனர்.

இக்கட்டளையின் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்கவேண்டும். தோட்டத்துக்குள் தொழிலாளி கூட முடியாது. அது பிறருடைய நிலம். நகரத்துக்கு வந்து கூட முயன்றால் அங்கும் கூடலாகாதென நீதவான் கூறுகின்றார். தனியார் உடைமை என்ற காரணத்தால் ஒரு கதவும் பொது அமைதி என்ற காரணத்தால் மற்றொரு கதவும் சாத்தப்பட்டபின் அவன் நிற்க ஓரிடமும் இல்லை. 1940 மே 12ஆம் திகதி என்.எம். பெரேரா அத்தடையை மீறிப் பதுளையிற் பெருங்கூட்டமொன்றில் உரையாற்றினார். திரண்டிருந்த மக்களின் தொகையைக் கண்ட பொலிஸார் செயலற்று நின்றனர். தடையுத்தரவின் வலிமை காகிதத்தில் இல்லை, அதனை நிறைவேற்ற வருவோரின் எண்ணிக்கையிலேயே உள்ளது என்பது அன்று இரு சாராருக்கும் தெரிந்துவிட்டது.

பதுளை நகருக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில் நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. அங்குத் தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே காரியங்களை நடத்துவதாகத் துரையும் உடன்பட்டார். ‘சட்டத்தையும் ஒழுங்கையும்’ நிலைநாட்ட அனுப்பப்பட்ட ஆயுதந் தாங்கிய பொலிஸ் குழுவினரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். தனியார் நிலமாக இருந்த தோட்டம் சின்னாட்களுக்கேனும் அங்கு வாழ்ந்தோரின் ஊராயிற்று எனலாம். அது நீடிக்கவில்லை. பெருவெள்ளத்தினால் ஊவா ஒரு வாரத்துக்கும் மேலாக நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்த வேளையில், பொலிஸாரின் கடும் அடக்குமுறை போராட்டத்தைப் பின்வாங்கச் செய்தது. ஜூன் மாதத்திற் சமசமாசத் தலைவர்கள் கைதாயினர். முன்னர் பாதையைத் தடுத்தது சட்டம். இம்முறை அதனுடன் மழையுஞ் சேர்ந்துகொண்டது.

தொழிலாளி தோட்டத்தில் தங்கியிருப்பதே குற்றமாகுமா என்ற வினா சில ஆண்டுகளின் பின் வேறோரிடத்தில் நேரடியாக எழுந்தது. கேகாலை மாவட்டத்திலுள்ள நேவ்ஸ்மியர்த் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென அரசாங்கம் பொறுப்பேற்று, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறுமாறு அறிவித்தது. அவர்கள் மறுத்தனர். அவர்களுக்கு ஆதரவாக 1946இல் மலைநாட்டில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. வெளியேறாதோர் அத்துமீறற் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1950இல் முடிவுற்றது. தங்கியிருந்தவர்களின் முதன்மையான நோக்கம் உடைமையாளரைத் தொந்தரவு செய்வதன்று, தம் இருப்பிடத்தைக் காத்துக்கொள்வதே. ஆகவே குற்றம் நிறுவப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரமாகும். தன் வீட்டை விட்டுப் போக மறுப்பவன் எவரையும் தொந்தரவு செய்யக் கருதுகின்றான் அல்லன் என்ற எளிய உண்மையைச் சொல்ல அத்துணைத் தூரம் செல்லவேண்டியிருந்தது! அத்தீர்ப்பு வெளிவந்தபோது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் அத்தொழிலாளரின் இனத்தவருட் பெரும்பாலோர் நாட்டிற்கே அந்நியராக்கப்பட்டிருந்தனர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். வீட்டில் இருக்க உரிமை கிடைத்தபோது நாட்டில் இருக்க உரிமை போய்விட்டிருந்தது.

தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுட் பிரவேசிப்பதற்கு உரிமை வழங்கும் 25ஆம் இலக்கச் சட்டம் 1970இலேயே நிறைவேறிற்று. நடேச ஐயர் துணிமூட்டை சுமந்த காலத்துக்கும் இச்சட்டத்துக்கும் இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. ஆயினும் இவ்வுரிமை சங்கத்தின் பிரதிநிதிக்கு உரியதேயன்றிப் பொதுமகனுக்கு உரியதன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களுக்குப்பின் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை போய் அரசு வந்தது. வேலி அப்படியே நின்றது. 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணிகளிற் 7,000 ஏக்கரைப் பிரித்து வழங்க முற்பட்டபோது, தொழிலாளர் எதிர்த்து நின்றனர். டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் சூட்டுக்கு இரையானார். முல்லோயாவுக்கும் டெவனுக்கும் இடையே 37 ஆண்டுகள். ஆட்சி மாறிற்று, அரசியலமைப்பு மாறிற்று. துப்பாக்கி நீண்ட திசை மாறவில்லை.

பாதையைப் பற்றிய மற்றொரு சட்டத்தையும் இவ்விடத்திற் குறிப்பிடவேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குட் சபை நிதியைச் செலவிட முடியாதவாறு நெடுங்காலம் பொருள்கொள்ளப்பட்டு வந்தது. தோட்டத்தவர் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினரே தோட்டப் பாதைக்கு ஒரு கூடைக் கல் போட முடியாதவராக இருந்தார். 2018இலேயே இப்பிரிவு திருத்தப்பட்டது. எனவே உமா ஓயாப் போராட்டம் நிகழ்ந்த 2017இல், தோட்டத்துள் ஓடிய பாதை சட்டத்தின் கண்ணிற் பொதுப்பாதை அன்று.

இனி உமா ஓயாத் திட்டத்தை நோக்குவோம். வெலிமடைப் பள்ளத்தாக்கினூடாகப் பாய்ந்து ரந்தம்பேயில் மகாவலியுடன் சேர்வது உமா ஓயா. அதன் நீரிற் ஒரு பகுதியை மலையைக் குடைந்து தெற்கே கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்பி, மின் உற்பத்தி செய்து, மொணராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வரண்ட நிலங்களுக்குப் பாய்ச்சுவதே திட்டம். புஹுல்பொலவிலும் டயரபாவிலும் இரு அணைகள். அவற்றை இணைக்க ஏறத்தாழ 4 கிலோமீற்றர்ச் சுரங்கம். டயரபாவிலிருந்து வெல்லவாயப் பக்கத்திலுள்ள ரந்தெனிய நிலக்கீழ் மின்நிலையம் வரை ஏறத்தாழ 15 கிலோமீற்றர்ச் சுரங்கம். 120 மெகாவாற்று மின்சாரம். ஆண்டுக்கு 145 மில்லியன் கனமீற்றர் நீர். ஈரானின் பாராப் நிறுவனம் ஒப்பந்தகாரர். ஈரானிய ஏற்றுமதி அபிவிருத்தி வங்கி கடன் வழங்க ஒப்பியிருந்தது. ஈரான்மீது விதிக்கப்பட்ட தடைகளினால் அக்கடன் இடையிலே நின்றுபோக, இலங்கை அரசே பெருஞ்செலவை ஏற்றது. 2008 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதி அஹ்மதிநெஜாத்தின் வருகையின்போது திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. வரண்ட வலய உழவனின் நீர்த்தேவை பொய்யானதன்று. அதனை இகழ்வது இக்கட்டுரையின் கருத்துமன்று. எனினும் மேட்டிலுள்ளவனின் கிணற்றைப் பற்றி அவனிடம் யார், எப்போது, எம்முறையிற் கேட்டனர் என்பது வேறு வினா.

கேட்பதற்குச் சட்டம் இருந்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம், 1988ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம், பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும்; அதனை வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவிக்கவேண்டும்; மக்கள் கருத்துக் கூற 30 நாள் அவகாசம் அளிக்கவேண்டும். பொதுமக்கள் பிரவேசம் என்பதற்கு இங்கே புதியதொரு பொருள் பிறந்தது. ஒருவன் நிலத்துட் புகும் உரிமையைவிட, அரசின் ஏட்டினுட் புகும் உரிமை சிலபோது பெரிது. 2000ஆம் ஆண்டில் எப்பாவலைப் பொசுபேற்று வழக்கில் உயர் நீதிமன்றம் இவ்வுரிமைக்கு உயிரூட்டிற்று. அவ்வூர் விவசாயிகளும் பௌத்த பிக்கு ஒருவரும் தொடுத்த வழக்கில், சட்டப்படியான மதிப்பீடின்றி ஒப்பந்தத்தை முன்னெடுக்கலாகாதென நீதியரசர் அமரசிங்க தீர்ப்பளித்தார். இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும் பொறுப்பாளியே என்ற கருத்து அத்தீர்ப்பில் விரிவாக எடுத்துரைக்கப்பட்டது. அதற்கு முன்பே மேல் கொத்மலைத் திட்டத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் அனுமதி மறுத்திருந்தது. தலவாக்கலைப் பகுதி மக்களும் சுற்றாடல் அமைப்புகளும் காட்டிய எதிர்ப்பு அவ்விவாதத்தைப் பல்லாண்டு நீடிக்கச் செய்தது. இறுதியில் அத்திட்டமும் 2012இல் இயங்கத் தொடங்கிற்று. ஆயின் அதற்குமுன் பேச இடமேனும் இருந்தது.

உமா ஓயாவில் அவ்வரிசை தலைகீழாயிற்று. 2008இலே தொடக்க விழா, 2010இலே கட்டுமானம், சுற்றாடல் அனுமதி 2011இலே. கட்டிமுடிந்த கதவுக்குப்பின் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பதைப் போன்றது இது. சட்டம் குறித்த 30 நாட்களும் முறையாகக் கிடைப்பினும், ஏற்கெனவே முடிவான ஒன்றைப் பற்றிக் கருத்துக் கூறுவதால் விளையும் பயன் யாதென வினவுதல் தவறாகாது. மேலும் பாறையின் பிளவுகளையும் நிலக்கீழ் நீரோட்டத்தையும் பற்றிய பொறியியல் ஏட்டை வாசித்து மறுமொழி எழுதும் வாய்ப்பு கிராமத்து உழவனுக்கோ கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ எத்துணை இருந்திருக்கும்?

2014 டிசம்பரிற் சுரங்கம் அகழும் பொறி நீரூற்றுப் பகுதியொன்றைத் தாக்கிற்று. செக்கனுக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் நீர் சுரங்கத்துட் புகுந்தது. மேலே, பண்டாரவளைப் பகுதியின் ஹீல் ஓயா, மகுலெல்ல முதலிய ஊர்களிற் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, நிலம் தாழ்ந்து சுவர்கள் வெடித்தன. இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியிருந்தது. அது வேறு காரணத்தால் நிகழ்ந்த வேறொரு துயரம். எனினும் ஊவா மக்கள் தம் காலின் கீழுள்ள மண்ணை நம்பாத மனநிலையிற் இருந்தபோதே இச்செய்தியும் வந்தது. அரசு பவுசர்களில் நீர் வழங்கிற்று, தாங்கிகள் வைத்தது. 2017இன் முற்பகுதியிற் சுரங்கத்தில் மீண்டும் பெருங்கசிவு ஏற்பட்டது. ‘பல்நோக்குத் திட்டம்’ என அரசு வைத்த பெயரை மாற்றிப் ‘பல்அழிவுத் திட்டம்’ என மக்கள் அழைக்கலாயினர்.

ஒரு நுட்பம் இங்கே கவனிக்கத்தக்கது. தோட்டத் தொழிலாளி துரையின் பாதையிற் காலடி வைத்தால் அது அத்துமீறல். பல நூறு வீடுகளின் அடியிலே ஒரு சுரங்கம் சென்று, அவ்வீட்டாரின் கிணற்று நீரை இறைத்துச் சென்றாலோ, அது எக்குற்றத்தின் பெயரையும் பெறவில்லை. அத்துமீறற் சட்டம் நிலத்தின் மேற்பரப்பை மட்டுமே கண்டது. கேடு கீழிருந்து வந்தபோது அதற்கு எதிராக நின்று முறையிடத்தக்க வேலியும் இல்லை, வாயிலும் இல்லை. ஆகவேதான் மக்கள் பண்டாரவளைத் தெருவுக்கு வந்தனர். கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெரு அந்நகரினூடாகவே செல்கின்றது. அத்தெருவை நிறைத்தால் தலைநகருக்குச் செய்தி எட்டும் என்பதை அறிய எவரும் அரசியல் விஞ்ஞானம் கற்றிருக்கவேண்டியதில்லை.

தெருவில் நிற்போரைச் சட்டம் எவ்வாறு நோக்குகின்றது? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும் நாடெங்கும் நடமாடும் சுதந்திரத்தையும் ஒரே மூச்சில் வழங்குகின்றது. ஒருவர் ஒன்றுகூடும் தெருவில் மற்றொருவர் நடமாட விரும்புவார் என்பதே பொலிஸாரின் நித்திய வாதம். 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் ஊர்வலத்துக்கு முன்னறிவித்தல் கேட்கின்றது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்கீழ், பொதுத்தொல்லை ஏற்படுமென அஞ்சத்தக்க அவசர வேளையில், மறுதரப்பைக் கேளாமலே நீதவான் கட்டளை பிறப்பிக்கலாம். அக்கட்டளை 14 நாட்களுக்கு மேல் நிலைக்காது. ஆர்ப்பாட்டங்களுக்கு முன்னாட் பொலிஸார் இப்பிரிவை நாடி நீதிமன்றம் செல்வது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. 1940இற் பதுளை நீதவானின் தடையை நினைவிற் கொண்டு இதனை வாசிப்போருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

நீருக்காகத் தெருவில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகவும் முடியலாம். பண்டாரவளைக்கு நான்காண்டு முன்னர், 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி, கம்பகா மாவட்டத்தின் வெலிவேரிய ரத்துபஸ்வலையில் தம் கிணற்றுநீர் மாசடைந்ததாகக் கூறி வீதியை மறித்த மக்கள்மீது இராணுவம் சுட்டதில் மூவர் மாண்டனர். அந்நினைவு மங்காத காலத்திலேயே ஊவா மக்கள் தெருவுக்கு வந்தனர் என்பது அவர்கள் நெஞ்சுரத்தையும் நெருக்கடியையும் ஒருங்கே காட்டும். பண்டாரவளைப் போராட்டத்தின்பின் அரசாங்கம் அமைச்சரவை உபகுழுவை நியமித்தது, அமைச்சர்கள் வந்தனர், வெளிநாட்டு நிபுணர்களின் கருத்துக் கேட்கப்பட்டது, நட்டஈடு பேசப்பட்டது. 2008இல் மேற்கொள்ளவேண்டியிருந்த ஆலோசனையின் ஒரு பகுதி 2017இல், தெரு நிறைந்த பின்னர், நடைபெற்றது. சுரங்கம் நிற்கவில்லை.

2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரானிய ஜனாதிபதி இப்ராஹிம் ரைசியும் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் திட்டத்தைத் திறந்துவைத்தனர். தொடக்கி வைத்ததும் ஈரானிய ஜனாதிபதி ஒருவர், திறந்துவைத்ததும் ஈரானிய ஜனாதிபதி ஒருவர். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் இலங்கையில் ஜனாதிபதிகள் மாறினர்.

கிராமத்தவர் பெற்ற நட்டஈடு போதுமானதா என்பது தனி ஆய்வுக்குரியது. தோட்டத்தவரைப் பொறுத்தவரை வினா அதற்கும் முன்னரே தொடங்கிவிடுகின்றது. கிராமத்து உழவன் வெடித்த சுவரையும் வற்றிய கிணற்றையும் காட்டி, இவை என்னுடையவை என்று உறுதியை எடுத்து வைக்கலாம். 1992இற் தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் நிலம் அரசினுடையதாகவே இருந்தது. லயம் தோட்டத்தினுடையதாகவே இருந்தது. லயக்காம்பராவிற் பிறந்து நான்கு தலைமுறை கண்டவருட் பெரும்பாலோரிடம் அக்காம்பராவுக்கு உறுதியில்லை. பீலியில் நீர் வராதபோது அப்பீலி யாருடையதென்று கேட்டால், சட்டப்படியான விடை ஒன்றே: அது தோட்டத்தினுடையது. வேவெஸ்ஸத் தொழிலாளர் 1940இற் சபை அமைத்தபோது துரையுடன் பேசக் கேட்ட காரியங்களுள், தாம் வாழும் இடத்தில் தமக்கொரு சொல் இருக்கவேண்டும் என்பது அடங்கியிருந்தது. அச்சொல் உறுதியாக எழுதப்பட்டுப் பதுளைக் காணிப் பதிவகத்தின் ஏட்டில் ஏறும்வரை, சுவரில் வெடிப்பு விழுந்த காம்பராவுக்காக முறையிட வருபவர் அதன் உடைமையாளராக அன்றி, அங்கே தங்கியிருப்பவராகவே விசாரிக்கப்படுவார்.